முள்ளைத் திருப்பாதே!

திருமுல்லைவாயிலில் குடியிருந்தவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு சார். ரேடியோவின் டிரான்ஸ்மிட்டர் பக்கத்து ஆவடியில். முள்ளை எந்தப் பக்கம் திருப்பினாலும் சென்னைதான். இலங்கை வேண்டும் என்று காலில் விழுந்தாலும் 720 கிலோஹெர்ட்ஸ் வழிவிடாது.

அப்பாவுக்கு அதுவே போதும். நான் சொல்வது 1996. அம்பத்தூர் எஸ்டேட்டில் கணக்கு எழுதிவிட்டு, எலெக்ட்ரிக் ரயிலில் தொங்கி வீடு வந்தால் அப்பா ஈஸிசேரில் இருப்பார். மடியில் பேப்பர், காதோரம் டிரான்சிஸ்டர்.

"டி.வி. வாங்கலாம்ப்பா."

"அதுல பார்க்க என்னடா இருக்கு?"

ஒருநாள் ராத்திரி கரண்ட் போயிற்று. தெருவே 'ஓ' போட்டது. அப்பா மட்டும் அசையவில்லை. பேட்டரி புண்ணியத்தில் ரேடியோவும்.

முதலில் இலக்கியப் பேச்சு. யாரோ ஒரு பேராசிரியர் கம்பனைப் பற்றி உருகினார். தாள் புரட்டும் சத்தமும் உருக்கமாகக் கேட்டது. அடுத்து நாடகம். தேங்காய்ச் சிரட்டையைத் தட்டினால் குதிரை, தகரத்தை உலுக்கினால் இடி. ஒரு கதவு 'கிரீச்' என்றதும் அம்மா, "வாசல்ல யாரு?" என்று எழுந்து போனாள்.

கடைசியில் ஓதுவார் ஒருவர் தேவாரம். பாடுமுன் ஒரு சின்ன விளக்கம்: சங்கிலியாருக்குச் செய்த சத்தியத்தை மீறித் திருவொற்றியூரை விட்டதும் சுந்தரருக்குக் கண் போயிற்று. தட்டுத் தடுமாறி வந்தவர் நம்ம திருமுல்லைவாயிலில் பாடினார். ஆயிரத்து இருநூறு வருஷம் முந்தைய சமாசாரம். பண், தக்கேசி.

"காம்போதி மாதிரி இருக்கே?" என்றேன்.

"அதேதான். பேரை மாத்திட்டாங்க" என்றார் அப்பா. குரல் கொஞ்சம் கரகரத்தது.

பாட்டு முடியவும் கரண்ட் வரவும் சரியாக இருந்தது. அப்பா சட்டென்று மடியில் இருந்த பேப்பரை எடுத்து மும்முரமாகப் படிக்க ஆரம்பித்தார்.

பேப்பர் தலைகீழாக இருந்தது.

"எத்தனை நாளாப்பா?"

"தீபாவளிலேர்ந்து. புகை மாதிரி இருக்கு. சொன்னா ஆபரேஷன்னு நீ லீவு போடுவே. லாஸ் ஆஃப் பே."

எனக்குப் பேச்சு வரவில்லை. அவரே சிரித்தார். "சுந்தரருக்கு ஒரு கண்ணு காஞ்சிபுரத்துல, இன்னொண்ணு திருவாரூர்ல கிடைச்சுதாம். எனக்கு அவ்வளவு அலைச்சல் இல்லடா. ரெண்டும் எழும்பூர்லயே கிடைக்கும்."

அதே எழும்பூரில்தான் 1938 ஜூன் 16-ல் சென்னை வானொலி நிலையமும் பிறந்தது. 1819-லிருந்து இருக்கிற கண்ணாஸ்பத்திரியில் ஒரு மாச இடைவெளியில் இரண்டு கண்ணும் முடிந்தது. லீவு ஒன்பது நாள். சம்பளமும் பிடித்தார்கள், போகட்டும்.

கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்த அப்பா முதலில் தேடிப் பார்த்தது என்னையும் இல்லை, அம்மாவையும் இல்லை. டிரான்சிஸ்டரை.

"அடப்பாவிகளா! இது மேல இவ்வளவு தூசியா?"