ஆமை ஓடு வீடல்ல, விலா எலும்பு



"ஆமை தன் வீட்டை முதுகில் சுமக்கிறது" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். அதை நிறுத்த வேண்டும் என்பது என் கருத்து. கேட்கும் பிள்ளை, ஆமை ஓட்டைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே வரலாம் என்றே நினைக்கும்.

உண்மை வேறு. முட்டைக்குள் கரு வளரும்போது அதன் இரு பக்கங்களிலும் தோல் தடித்து வரப்புபோல எழும்புகிறது. நமக்கு விலா எலும்புகள் வளைந்து மார்பைச் சுற்றி வருகின்றன. ஆமைக் கருவில் அவை வளையாமல், அந்த வரப்பை நோக்கி முதுகுத் தோலுக்குள்ளேயே விசிறிபோல நீளுகின்றன. பிறகு அவற்றைச் சுற்றி எலும்பு பரவி, முதுகெலும்போடு சேர்ந்து ஓடாகிறது. அதனால்தான் நமக்கு விலாவுக்கு வெளியே இருக்கும் தோள்பட்டை எலும்பு, ஆமைக்கு உள்ளே இருக்கிறது.

குடியாத்தத்துக்காரர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து, முடியையும் மேல்தோலையும் நீக்குகிறார்கள். மிஞ்சும் உள்தோல்தான் செருப்பாகிறது. ஆமையின் விலா எலும்பு நுழைவது அதே அடுக்கில்தான். மேல்தோலோ, நம் நகம்போன்ற பொருளாலான தகடுகளாகி ஓட்டை மூடுகிறது.

இது வெறும் பாடமல்ல. விலா எலும்பே ஓடாகிவிட்டதால் மூச்சிழுக்கும்போது அது நம்முடையதைப் போல விரியாது. உள்தசைகளால்தான் நுரையீரல் நிரம்ப வேண்டும். அதற்குக் காற்றும் வேண்டும். கடலாமை நீருக்கு மேலே வந்தே ஆக வேண்டும். இழுவலையில் சிக்கினால் வர முடியாது, மூழ்கிச் சாகும். கடலாமையால் தலையையும் கால்களையும் உள்ளே இழுத்துக்கொள்ளவும் முடியாது. 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையிலும் அதையொட்டிய கரைகளிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின.

அவை முட்டையிட வருவது பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரை. நம் 61 நாள் மீன்பிடித் தடையோ ஏப்ரல் 15இல்தான் தொடங்குகிறது. ஆகவே அந்த மூன்று மாதங்களில் கரையோரத்தில் இழுவலை போடுவதைக் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும். ஆமை தப்பிச் செல்லும் வழியுள்ள வலைகளைக் கட்டாயமாக்க வேண்டும். அதற்கான செலவை மீனவர் தலையில் கட்டாமல் அரசே ஏற்க வேண்டும்.

சென்னையில் வேலை பார்க்கும் பிள்ளைகளே, அங்கே 1988 முதல் மாணவர் கடலாமை பாதுகாப்பு அமைப்பு முட்டைகளைக் காத்து வருகிறது. வரும் பருவத்தில் ஒரு நாள் அவர்களோடு இரவு நடை போய் வாருங்கள். உங்கள் குழந்தைகளையும் கூட்டிப் போங்கள். ஓடு எப்படி வந்தது என்பதை மணலில் நின்று அவர்களுக்கு நீங்களே சொல்லுங்கள்.