தீவில் ஒரு துரோகி!



ஜேம்ஸ் பாண்ட் படம் ஓடுகிறது என்றால் விடுதியில் தூக்கம் ஏது? அதிலும் 1995-இல் வந்த 'கோல்டன் ஐ' படத்துக்கு நம்ம பாலிடெக்னிக் பசங்க மத்தியில் தனி மவுசு. சண்டையும் காரும் எல்லா பாண்ட் படத்திலும்தான் இருக்கு. இதில் கடைசிக் கட்டம் முழுக்க ஒரு ராட்சத ஆன்டெனா!

பார்க்காதவர்களுக்காக நாலு வரி. 006 என்ற எண் கொண்ட உளவாளி அலெக் ட்ரெவெலியன், பாண்டின் நெருங்கிய கூட்டாளி. செத்துப் போனதாக எல்லோரும் நம்பிய அவன், சொந்த நாட்டையே அழிக்கத் திரும்பி வருகிறான். கியூபா தீவில், ஏரித் தண்ணீருக்கு அடியில் ஆன்டெனாவை ஒளித்து வைத்திருக்கிறான். அங்கிருந்து விண்வெளி ஆயுதத்துக்குக் கட்டளை கொடுத்து, லண்டனை முடக்குவது அவன் திட்டம். பாண்ட் விடுவாரா? தீவுக்கே தேடிப் போகிறார். துரோகி உயரத்திலிருந்து கீழே விழ, மேலே தொங்கிய அமைப்பும் அவன்மேல் விழ... சுபம்!

கை தட்டுகிறோம். தட்டலாம், தப்பில்லை. ஆனால் நான் சொல்ல வருவது வேறு. அந்த ஆன்டெனாவில் ஒளிந்திருந்த நிஜமான துரோகியை, சரியான நேரத்தில் யாருமே பிடிக்கவில்லை! நாம் பாடமாகப் படிக்க வேண்டியது அந்தக் கதையைத்தான்.

ஏரி சினிமா, ஆன்டெனா நிஜம். அதே கரீபியன் பகுதியில், கியூபாவுக்குக் கிழக்கே, போர்ட்டோ ரிக்கோ தீவில் இருந்த அரெசிபோ ரேடியோ தொலைநோக்கி அது. 1963-இல் திறக்கப்பட்டது. சுண்ணாம்புக்கல் மலைகளுக்கு நடுவே இயற்கையாக அமைந்த ஒரு பள்ளத்தில், 305 மீட்டர் விட்டமுள்ள தட்டு. அதில் 38,778 அலுமினியத் தகடுகள். சுற்றிலும் மூன்று கான்கிரீட் கோபுரங்கள். அவற்றிலிருந்து இழுத்துக் கட்டிய இரும்பு வடங்களில், தட்டுக்கு 400 அடிக்கு மேலே ஒரு மேடை தொங்கியது. 1990-களில் புதுக் கருவிகள் சேர்ந்தபின் அந்த மேடையின் எடை சுமார் 900 டன்!

அது சாதித்ததும் கொஞ்சமில்லை. புதன் கிரகம் தன்னைத் தானே சுற்ற 59 நாள் ஆகிறது என்று 1965-இல் சொன்னது அதுதான். 1974-இல் ஹல்ஸ், டெய்லர் இருவரும் அங்கே கண்டுபிடித்த இரட்டைப் பல்சருக்கு 1993-இல் நோபல் பரிசு கிடைத்தது.

படத்தில் அது இடிந்து விழுவது மினியேச்சர் மாடல் வேலை. ஆனால் படம் வந்து 25 வருஷம் கழித்து, 2020 டிசம்பர் 1-ஆம் தேதி காலையில், நிஜமாகவே அந்த 900 டன்னும் தட்டைப் பிய்த்துக்கொண்டு விழுந்தது. வில்லன் யார்? குண்டு வைத்தவன் எவனும் இல்லை. வில்லன் பெயர்... துத்தநாகம்! நம்ம ஒர்க்‌ஷாப்பில் ஜிங்க் என்கிறோமே, அதேதான்.

வடத்தின் நுனியைக் கோபுரத்தோடு இணைப்பது எப்படி? கம்பி இழைகளைத் துடைப்பம் மாதிரி விரித்து, கூம்பு வடிவ சாக்கெட்டுக்குள் விட்டு, உருக்கிய துத்தநாகத்தை ஊற்றுவார்கள். ஆறியதும் பிடித்துக்கொள்ளும். தொங்குபாலங்களுக்கும் இதே முறைதான். உலகமே காலம் காலமாக நம்பிய முறை.

இங்கேதான் 'ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்' பாடம் வருகிறது. 'க்ரீப்' என்றால் என்ன என்று வைவாவில் கேட்டால், பாய்லர், டர்பைன் என்று ஒப்பிப்போம். துத்தநாகத்துக்கு அவ்வளவு சூடு தேவையில்லை. அது உருகுவதே 419 டிகிரி செல்சியஸில். ஆகவே சாதாரண வெயிலிலேயே, விடாத பாரத்தில், மெல்ல மெல்ல இளகிக் கொடுக்கும். வடமும் சாக்கெட்டிலிருந்து துளித் துளியாக நழுவும்.

2017-இல் மரியா புயல் அந்தத் தீவைப் புரட்டிப் போட்டது. 2020 ஆகஸ்டில் ஒரு துணை வடம், தன் முறிவு வலிமையில் பாதிகூட இல்லாத பாரத்திலேயே, சாக்கெட்டிலிருந்து உருவிக்கொண்டு வந்தது. நவம்பரில் ஒரு முக்கிய வடம் அறுந்தது. அடுத்த மாதம் எல்லாம் முடிந்தது. அமெரிக்காவின் தேசிய அகாதெமிகள் அமைத்த குழு 2024-இல் தந்த அறிக்கையைக் கவனியுங்கள்: வடங்கள் நழுவி வந்தது முன்னாலேயே கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது, அப்போதே அபாயமணி அடித்திருக்க வேண்டும்!

பார்த்தீர்களா? 006 மாதிரியேதான். 'நம்ம ஆள்' என்று நம்பியதால் அவனை யாரும் சந்தேகிக்கவில்லை. 'நம்ம முறை' என்று நம்பியதால் சாக்கெட்டையும் யாரும் போதிய அளவு சந்தேகிக்கவில்லை.

"போப்பா, பராமரிப்புக்குப் பணம் வேண்டாமா?" என்று ஒரு நண்பர் கேட்கிறார். வேண்டும்தான். ஆனால் நழுவலை அளக்க ஒரு ஸ்கேலும் ஒரு நோட்டும் போதுமே! போன மாதம் எத்தனை மில்லிமீட்டர், இந்த மாதம் எத்தனை என்று எழுதி, கூடிக்கொண்டே போனால் மேலதிகாரி முன்னால் அதை வைத்து விடாமல் கேட்க ஓர் ஆள் வேண்டும். பணம் ஒதுக்க வைப்பதும் அந்த நோட்டுதான்.

"அதெல்லாம் விஞ்ஞானிகள் வேலை. நாம வெறும் டிப்ளமோ!" என்பார் இன்னொருவர். இதைத்தான் நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். விஞ்ஞானி பார்ப்பது வானத்தை. சாக்கெட்டைப் பக்கத்தில் நின்று பார்ப்பவன் யார்? ஷிஃப்டில் நிற்கும் டெக்னீஷியன். அதாவது, நாளைக்கு நாம்! கிரேன், லிஃப்ட், பாய்லர், பாலம் எதுவானாலும் முதலில் கண்ணில் படுவது நமக்குத்தான். பார்க்காமலே 'ஓ.கே.' என்று டிக் அடிப்பவன், துரோகிக்கு வாசலைத் திறந்து விடுகிறான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அரெசிபோ விழுந்தபோது ஒரு உயிர்கூடப் போகவில்லை. காரணம், நவம்பரிலேயே கணக்குப் போட்டுப் பார்த்து, "இனி யாரும் கீழே போகக் கூடாது" என்று தடுத்துவிட்டார்கள். 57 வருஷப் பெருமையை விட மனித உயிர் பெரிது என்று சொல்லவும் துணிச்சல் வேண்டும் அல்லவா? துப்பாக்கி தூக்குவது மட்டுமா வீரம்?

2022-இல், அந்தப் பெரிய தொலைநோக்கியை மறுபடி கட்டப் போவதில்லை என்று அறிவித்துவிட்டார்கள். போனது போனதுதான்.

எனவே நண்பர்களே, பாண்ட் படத்தைத் தாராளமாகப் பாருங்கள், விசில் அடியுங்கள். ஆனால் வேலைக்குப் போன முதல் நாள், உங்கள் பொறுப்பில் உள்ள இயந்திரத்தில் 'இது எப்பவும் இப்படித்தான் இருக்கும்' என்று யாராவது ஒன்றைக் காட்டினால், அங்கிருந்தே உங்கள் வேட்டையைத் தொடங்குங்கள்.

டார்ச்சும் ஸ்கேலும் போதும்... 007 எண் தேவையில்லை!