உயரத்தை இனி கடிகாரம் அளக்கட்டும்

ரைன் நதியின் இரு கரைகளிலிருந்தும் ஜெர்மனியும் சுவிட்சர்லாந்தும் லாஃபென்பர்க் பாலத்தைக் கட்டிக்கொண்டு வந்தபோது, 2003-இல் 54 செ.மீ. உயர வித்தியாசம் தெரியவந்தது. ஜெர்மனி வடகடல் மட்டத்திலிருந்து உயரம் கணக்கிடுகிறது. சுவிட்சர்லாந்து மத்தியதரைக் கடலிலிருந்து. இடைவெளி 27 செ.மீ. என்பது பொறியாளர்களுக்குத் தெரியும். கூட்டவேண்டிய இடத்தில் கழித்துவிட்டார்கள்! தவறு கணக்கில்தான் என்றாலும், நாட்டுக்கு நாடு உயரத்தின் தொடக்கப்புள்ளி மாறுவதே அதற்கு இடம் கொடுத்தது.

இந்தக் குழப்பத்துக்கு ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியலில் விடை இருக்கிறது. பூமியின் ஈர்ப்பால், மேட்டில் வைத்த கடிகாரம் பள்ளத்தில் இருப்பதைவிட வேகமாக ஓடும். ஒரு செ.மீ. உயரத்துக்கு அந்த வேறுபாடு, நூறு கோடியை நூறு கோடியால் பெருக்கி வரும் எண்ணில் ஏறத்தாழ ஒரு பங்கு. வினாடிக்கு 919 கோடி அதிர்வுகளை எண்ணும் சீசியம் கடிகாரத்துக்கு இது எட்டாது. வினாடிக்கு 429 லட்சம் கோடி ஒளி அலைவுகளை எண்ணும் ஸ்ட்ரான்சியம் ஒளியியல் கடிகாரத்துக்கு எட்டும். டோக்கியோ ஸ்கைட்ரீ கோபுரத்தில் 450 மீட்டர் உயரத்தில் ஒன்றும் அடியில் ஒன்றும் வைத்து, இயற்பியலாளர் ஹிதெடோஷி கடோரியின் குழு சில செ.மீ. துல்லியத்தில் உயரத்தை அளந்ததை 2020-இல் வெளியிட்டது.

செயற்கைக்கோள்கள் இருக்க இது எதற்கு என்று கேட்கலாம். சுமார் 220 கி.மீ. இடைவெளியில் பறந்த கிரேஸ் இரட்டைச் செயற்கைக்கோள்கள்தான் வடமேற்கு இந்தியாவின் நிலத்தடி நீர்ச் சரிவை ஈர்ப்பு மாற்றத்தைக் கொண்டே கண்டுபிடித்தன. அவற்றின் மதிப்பு பெரிது. ஆனால், அவை தருவது சில நூறு கி.மீ. பரப்பின் சராசரி. கடிகாரம் ஒரு புள்ளியின் ஈர்ப்பு நிலையைச் சொல்லும். விண்ணிலிருந்து வரும் கணக்கைத் தரையில் சரிபார்க்கும். ஒன்றை விட்டு மற்றொன்று போதாது.

விலை அதிகம், தொலைதூரக் கடிகாரங்களை ஒப்பிட ஒளியிழைத் தடம் வேண்டும் என்பதெல்லாம் உண்மையே. ஆனால், ஐரோப்பா தன் தேசிய ஆய்வகங்களை ஒளியிழையால் ஏற்கெனவே இணைத்து வருகிறது. நம் பக்கத்திலோ, இலங்கைக்குத் தெற்கே கடல் மட்டம் பூமியின் சீரான கணித வடிவத்தைவிட சுமார் 100 மீட்டர் தாழ்ந்திருக்கிறது. ஈர்ப்பு இவ்வளவு முரண்படும் பகுதியை ஒட்டி வாழும் நாம் வேடிக்கை பார்த்திருக்கலாகாது. புனேயில் இட்டெர்பியம் ஒளியியல் கடிகாரம் உருவாகி வருகிறது. அது முடியட்டும் என்று காத்திராமல், நில அளவைத் துறையையும் விண்வெளித் துறையையும் சேர்த்து, எந்தெந்த நகரங்களில் கடிகாரம், எந்தத் தடத்தில் ஒளியிழை என்ற திட்டத்தை மத்திய அரசு இப்போதே வகுக்க வேண்டும்.