ஷேல் வாயு மகாநாடுகளில் முதலிடம் பெறவேண்டியவை

புதிய எரிபொருள் ஒன்றைப் பற்றி மகாநாடு கூட்டுவது அரிய காரியமன்று. மண்டபமும், பொருட்காட்சியும், வரவேற்புரையும், நன்றியுரையும் அமைந்துவிட்டால் மூன்று நாட்கள் சிறப்பாகவே கழிந்துவிடும். ஆனால், வந்திருந்த நிலவியல் அறிஞரும், துளையிடும் பொறியாளரும், நீர்வளத்துறை அதிகாரியும் ஊர் திரும்பும்போது, முன்பு அறியாத எதனை அறிந்து செல்கின்றனர் என்பதே அம்மகாநாட்டின் மதிப்பை அளக்கும் கோலாகும். ஷேல் வாயுத் துறையில் இந்தியா இன்னும் தொடக்க நிலையைக் கடக்கவில்லை. தொடக்கத்தில் நேரும் பிழைகள் பொதுப் பணத்தையும் நிலத்தடி நீரையும் ஒருங்கே பாதிக்கக்கூடியவை. ஆகவே, இத்துறையில் கூட்டப்படும் மகாநாட்டின் நிகழ்ச்சிநிரல் தொழிலின் போக்கையே நிர்ணயிக்க வல்லது.

ஷேல் என்பது ஏடு ஏடாகப் பிரியும் ஒருவகைக் களிப்பாறை. சாதாரண எரிவாயு, மணற்பாறை போன்றவற்றின் நுண்துளைகளில் தங்கியிருந்து, கிணறு தோண்டியதும் தானே வெளிப்படும். ஷேல் பாறையிலோ துளைகள் மிகமிக நுண்ணியவை. வாயு எளிதில் நகர இயலாது. எனவே பூமியில் ஆழமாகத் துளையிட்டு, பின்னர் துளையைக் கிடைமட்டமாகத் திருப்பி, மணலும் சில இரசாயனங்களும் கலந்த நீரை மிகுந்த அழுத்தத்துடன் செலுத்திப் பாறையில் விரிசல்களை உண்டாக்க வேண்டும். இவ்வாறு ஒரு கிணற்றுக்குச் செலவாகும் நீர் பெரும்பாலும் ஒரு கோடி லிட்டரைத் தாண்டும். அவ்வளவு முயன்று பெற்ற வாயுவும் முதல் ஆண்டிலேயே பாதிக்கு மேல் குறைந்துவிடுவது வழக்கமாதலால், ஓய்வின்றிப் புதிய கிணறுகளைத் தோண்டிக்கொண்டே இருக்க வேண்டியதாகிறது.

2011-ஆம் ஆண்டு ஜனவரியில், மேற்கு வங்காளத்தின் துர்காபூருக்கு அருகிலுள்ள இச்சாபூரில், எண்ணெய் மற்றும் இயற்கை வாயுக் கழகம் தோண்டிய சோதனைக் கிணற்றில், சுமார் 1,700 மீட்டர் ஆழத்திலிருந்த ஷேல் படிவத்திலிருந்து வாயு வெளிப்பட்டது. அது நாடெங்கும் நம்பிக்கையை எழுப்பிற்று. 2013-ஆம் ஆண்டு அக்டோபரில் மத்திய அரசு ஷேல் வாயுக் கொள்கையை அறிவித்துத் தேசிய எண்ணெய் நிறுவனங்களுக்கு அனுமதி வழங்கியது. 2018-இல் பிற ஒப்பந்ததாரர்களுக்கும் வழி திறக்கப்பட்டது. ஆயினும் எதிர்பார்த்த வணிக உற்பத்தி மலரவில்லை. இதன் காரணங்களை ஆராய்வதே மகாநாட்டின் தலையாய பணியாக இருக்கவேண்டும். பெரும்பாலும் அதற்கு ஒதுக்கப்படுவதோ கடைசி நாளின் கடைசி ஒரு மணி நேரம்.

அதற்கு மாறாக, மேடையை ஆட்கொள்பவை மதிப்பீடுகளே. அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகம், இந்தியாவில் எடுக்கத்தக்க ஷேல் வாயு 96 லட்சம் கோடி கன அடி என்று 2013-இல் கணித்தது. காம்பே, கிருஷ்ணா–கோதாவரி, காவிரி, தாமோதர் ஆகிய படுகைகளை இது தழுவியது. இவற்றுள் தாமோதர் நீங்கலாகப் பிற படுகைகள் அடங்கிய பகுதிகளை ஆராய்ந்த அமெரிக்கப் புவியியல் ஆய்வுத்துறையோ அதற்கு முன்னரே 6.1 லட்சம் கோடி கன அடி என்ற அளவிலேயே நின்றது. இரண்டும் பொறுப்புள்ள அரசாங்க அமைப்புகள். கணக்கிடும் முறைகளே வேறு. இருப்பினும், பெரிய எண் சுவரொட்டியில் இடம்பெறுவதும் சிறிய எண் அடிக்குறிப்பில் ஒடுங்குவதும் விஞ்ஞான முறையாகாது.

போலந்து நாட்டின் அனுபவம் இங்குக் கருதத்தக்கது. 2011-இல் அந்நாட்டுக்கு 187 லட்சம் கோடி கன அடி வாயு உண்டெனக் கணிக்கப்பட்டது. அந்நாட்டுப் புவியியல் நிறுவனம் 2012-இல் வெளியிட்ட மதிப்பீடு அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே ஆயிற்று. துளையிட்ட கிணறுகளும் எதிர்பார்த்த பலனைத் தராமையால், பெரிய அந்நிய நிறுவனங்கள் ஒவ்வொன்றாக வெளியேறின; 2015-க்குள் அத்தொழில் அங்கு ஓய்ந்தது. கிணறு கூறும் செய்திக்குச் செவி சாய்க்க மதிப்பீடு தடையாகிவிடக் கூடாது என்பதே இதன் படிப்பினை.

ஆகையால், மகாநாட்டின் முதல் நாள் முழுவதும் பலன் தராத கிணறுகளுக்கே உரியதாகட்டும். ஒவ்வொரு கட்டுரையுடனும் கிணற்றின் ஆழம், பாறையின் கரிமப்பொருள் அளவு, செலுத்திய நீர், திரும்பி வந்த நீர், மாதவாரியான வாயு வெளியீடு ஆகியவை அடங்கிய அட்டவணை கட்டாயமாக்கப்படட்டும். வணிக இரகசியம் என்று கூறிச் சிலர் இதற்கு மறுப்புத் தெரிவிக்கலாம். பொதுப்பணத்தில் தோண்டிய கிணற்றுக்கு அம்மறுப்பு பொருந்தாது. நாட்டின் எண்ணெய், வாயு ஆய்வு விவரங்களைத் தொகுத்து வைப்பதற்கென்றே தேசியத் தரவுக் களஞ்சியம் 2017-இல் ஏற்பட்டுள்ளது. அமெரிக்காவிலும், இத்தொழில் அரசாங்கம் 1976-இல் தொடங்கிய கிழக்கு ஷேல் ஆராய்ச்சித் திட்டத்தின் துணைகொண்டு வளர்ந்தது. டெக்சாஸ் மாநிலத்தில் பார்னட் ஷேல் படிவத்தில் 1981-இல் துளையிடத் தொடங்கிய ஜார்ஜ் மிட்செலின் நிறுவனம், சிக்கனமான முறையை எட்டியது 1998-இல்தான். பதினேழு ஆண்டுத் தோல்விகளே அவ்வெற்றிக்கு அடிப்படையாயின.

இரண்டாம் நாள் நீருக்கு உரியது. மத்திய நிலத்தடி நீர் வாரியம், மாநிலப் பாசனத் துறைகள் ஆகியவற்றின் பிரதிநிதிகள் பார்வையாளராக அன்றி, கட்டுரை வாசிப்போராகவே அழைக்கப்பட வேண்டும். உழவர் பிரதிநிதிகளுக்கும் வினா எழுப்பும் உரிமை வேண்டும். 2020-இல் தமிழ்நாடு இயற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம், காவிரி டெல்டாவில் புதிதாக ஷேல் வாயு ஆய்வும் அகழ்வும் நடைபெறுவதைத் தடைசெய்தது. மண்டபத்தில் கேட்கப்படாத கேள்வி சட்டமன்றத்தில் கேட்கப்படும் என்பதற்கு இது சான்று.

கூடும் இடமும் ஆலோசிக்கத்தக்கது. தலைநகரின் விடுதியைக் காட்டிலும், 1926-இல் சுரங்கக் கல்விக்கூடம் தோன்றிய தன்பாத் நகரம் பொருத்தமானது. இச்சாபூரில் வாயு தந்த அதே படிவம் அருகிலுள்ள ஜரியா நிலக்கரிப் பகுதியில் தரைமட்டத்திலேயே தென்படுகிறது. பாறையைக் கையில் எடுத்துப் பார்த்தபின் பேசுவோர் மிகைபடப் பேசமாட்டார்கள். மகாநாட்டுக் கட்டுரைகளின் சுருக்கம் வங்காளி, குஜராத்தி, தெலுங்கு, தமிழ் முதலிய மொழிகளில் வெளிவருதலும் இன்றியமையாதது. தன் வயலின் அடியில் நடப்பதைத் தன் மொழியில் அறியாதவனுக்கு வதந்தி ஒன்றே ஆசிரியனாகும்.

ஆறு திங்களுக்குள் முழு நடவடிக்கைகளும் அச்சேற வேண்டும். அடுத்த மகாநாடு, முந்தைய தீர்மானங்களுள் நிறைவேறியவை எவை, நிறைவேறாதவை எவை என்ற அறிக்கையுடனேயே தொடங்க வேண்டும். இவ்வாறு கூடிய மகாநாடு, இந்திய ஷேல் பாறையில் இலாபகரமான வாயு இல்லை என்ற முடிவுக்கே வந்தாலும், அது நாட்டுக்குச் செய்த நற்பணியே. வீணாகவிருந்த நீரும் நிதியும் அதனால் மிஞ்சும்.