கப்பலேறும் முன் ஒரு வாரம்



கோடை விடுமுறை நெருங்கினால் சிலமலையிலும் போடியைச் சுற்றியுள்ள ஊர்களிலும் முன்பெல்லாம் எழும் கேள்வி ஒன்றுதான்: மூணாறா, கொடைக்கானலா? இப்போது பேச்சு மாறியிருக்கிறது. ஏலத்தோட்டம் வைத்திருப்போரும், காயை வாங்கி விற்போரும், வளைகுடாவில் பிள்ளைகள் வேலை பார்க்கும் வீட்டாரும் கப்பலைப் பற்றிப் பேசுகிறார்கள். 2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து சொகுசுக் கப்பல் பயணம் தொடங்கி வைக்கப்பட்டது. மறு ஆண்டு ஜூனில் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய இலங்கைத் துறைமுகங்களுக்கும் அங்கிருந்து கப்பல் புறப்பட்டது. அதன் பிறகு, கையில் கொஞ்சம் மிச்சமிருக்கும் வீடுகளில் அந்த ஆசை குடிபுகுந்துவிட்டது.

பெரியவர்கள் இதை வீண்விரயம் என்கிறார்கள். அவர்கள் அச்சத்தில் நியாயம் உண்டு. ஹஜ் கடமையாகியும் 'அடுத்த ஆண்டு பார்ப்போம்' என்று தள்ளிப்போடுகிறவர் கப்பலுக்கு முன்பணம் கட்டினால், அவருடன் நமக்கு விவாதமே இல்லை. ஆனால் கடமைகளை முடித்தவர் தம் மனைவி மக்களை ஹலாலான பொருளில் மகிழ்விப்பதை மார்க்கம் தடுக்கவில்லை. பூமியில் பயணம் செய்து முன்னோரின் முடிவு எப்படி இருந்தது என்று பார்க்குமாறு குர்ஆன் பல இடங்களில் ஏவுகிறது. நமது கவலை கப்பலைப் பற்றியதன்று. கப்பலுக்கு முந்திய வாரத்தைப் பற்றியது. கப்பலில் இருப்பது சில நாட்கள்தாம். அங்கே நம் விருப்பப்படி அமைத்துக்கொள்ள அதிகம் இல்லை. தரைவழியே சென்னை போய்ச் சேரும் வாரம் முழுவதும் நம் கையில் இருக்கிறது. அதைக் கடைவீதியிலும் பொழுதுபோக்குப் பூங்காவிலும் கழித்துவிட்டுக் கப்பலேறுவது பெரிய இழப்பு என்றே கருதுகிறோம்.

டூலிப் மலர்களையும் காற்றாலைகளையும் படத்தில் பார்த்துவிட்டு 'நெதர்லாந்து போக வேண்டும்' என்று நம் பிள்ளைகள் சொல்வதுண்டு. அந்த நாட்டார் நம்மைத் தேடி வந்து இரு நூற்றாண்டுகள் இங்கே இருந்தார்கள் என்பதை அவர்கள் அறியார்கள். நம் முன்னோர் அவர்களை ஒல்லாந்தர் என்றனர். இன்று டச்சுக்காரர் என்கிறோம். 1602-இல் அமைந்த அவர்களுடைய கிழக்கிந்தியக் கம்பெனி தேடி வந்தது மிளகையும் ஏலத்தையும் கிராம்பையும் சாதிக்காயையும் துணியையும். நம் வீட்டு முற்றத்தில் உலரும் காய்க்கும் அவர்கள் கோட்டைகளுக்கும் தொடர்பு உண்டு. தூத்துக்குடி தொடங்கிப் பழவேற்காடு வரை அவர்களுடைய சுவடுகள் கரையோரம் வரிசையாகக் கிடக்கின்றன. தெற்கிலிருந்து வடக்காகச் சென்றால் ஒரு வாரத்தில் சென்னையை அடையலாம்.

போடிமெட்டின் பதினேழு வளைவுகளையும் ஏறி மூணாறு வழியாக இறங்கினால் கொச்சி நமக்குப் பக்கந்தானே, அங்கும் ஒல்லாந்தர் இருந்தார்களே என்று கேட்கலாம். உண்மைதான், 1663-இல் அவர்கள் கொச்சியைப் பிடித்தார்கள். இருந்தும் கிழக்குக் கரையைச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. போடி, உத்தமபாளையம், கம்பம் பகுதி முஸ்லிம்களில் பெரும்பாலோர் இராவுத்தர்கள். கடற்கரை மரைக்காயர் ஊர்களுடன் நமக்குக் கொள்வினை கொடுப்பினை குறைவு. துபாயின் தெருக்களை வரிசையாகச் சொல்லும் நம் பிள்ளைக்குக் காயல்பட்டினம் எந்த மாவட்டத்தில் உள்ளது என்று தெரியாது. அது பிள்ளையின் குற்றமன்று.

முதல் நாள் தூத்துக்குடி. 1658-இல் போர்ச்சுகீசியரிடமிருந்து ஒல்லாந்தர் இதைக் கைப்பற்றினர். அவர்கள் 1750-இல் கட்டிய தேவாலயம் இன்றும் நிற்கிறது. ஆனால் இங்கே பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது முத்துக்குளிப்பின் கதை. மூச்சடக்கிக் கடலடிக்கு இறங்குவோர் காலில் கட்டிக்கொள்ளும் கல்லைக் கணக்கிட்டு வரி வாங்கினார்கள். மூழ்கியவர்களில் பரதவரும் இருந்தார்கள், நம்மவரும் இருந்தார்கள். கடலில் நம்மவர் கப்பல் செல்ல வேண்டுமானால் ஒல்லாந்தரின் அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற நிலையும் வந்தது. தலைமுறை தலைமுறையாகத் தமக்குப் பழகிய கடலில் பிறரிடம் சீட்டு வாங்கிச் செல்வது எப்படி இருந்திருக்கும்!

இரண்டாம் நாள் காயல்பட்டினம். முடிந்தால் இதை வெள்ளிக்கிழமையாக அமைத்துக்கொள்ளுங்கள். பயணிக்கு ஜும்ஆ கட்டாயமில்லை என்றாலும், அவ்வூரில் அதைத் தவறவிட மனம் வராது. நம் பிள்ளைகள் இங்கே ஒரு செய்தியை நேரில் காண்பார்கள். நாம் ஹனஃபிகள், கரையோர ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபினர் மிகுதி. சுப்ஹு தொழுகையில் குனூத் ஓதுவதையும், ருகூஉக்குச் செல்லும்போது கைகளை உயர்த்துவதையும் கண்டு பிள்ளை திகைத்து நம் முகத்தைப் பார்க்கும். பார்க்கட்டும். இணையத்தில் மத்ஹபுச் சண்டைகளைப் படித்து வளர்வதைவிட, ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் நின்று வேற்றுமையைக் கண்டு வளர்வது நல்லது.

குடும்பப் பயணத் திட்டங்களைப் பெரும்பாலும் ஆண்களே போடுகிறோம். தொழுகை நேரம் வந்ததும் நாம் பள்ளிவாசலுக்குள் சென்றுவிடுகிறோம். பெண்கள் வண்டியில் காத்திருக்கிறார்கள். ஒளு செய்ய இடமில்லை, கழிப்பறை இல்லை, தொழ இடமில்லை. தொழுகை தவறிவிடுமே என்ற வேதனையைச் சுமந்துகொண்டு அவர்கள் ஊர் சுற்ற வேண்டியிருக்கிறது. காயல்பட்டினத்தில் பெண்களுக்கென்றே தைக்காக்கள் உண்டு. அந்த ஊரிலாவது அவர்கள் நிம்மதியாகத் தொழலாம். மற்ற ஊர்களில் எங்கே பெண்களுக்கு இடமுண்டு என்று முன்கூட்டியே ஜமாஅத்தாரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விடுதி அறை பதிவதற்கும் முந்திய வேலை இதுவென்போம். நாம் நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கலாம். ஆனால் ஹனஃபி மத்ஹபில் இரு வேளைத் தொழுகைகளைச் சேர்த்துத் தொழும் வழி இல்லை. ஆகவே ஒவ்வொரு வேளைக்கும் வண்டி நிற்க வேண்டும். ஒரு நாளில் மூன்று ஊர் பார்க்கும் திட்டம் இதனாலேயே நமக்கு ஒத்துவராது.

அடுத்தது கீழக்கரை. கல்தூண்களும் கல் வேலைப்பாடுகளும் நிறைந்த பழைய ஜும்ஆப் பள்ளி ஒன்றே இவ்வூருக்குப் போகப் போதிய காரணம். பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த வள்ளல் சீதக்காதியின் ஊர் இது. சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரை ஆதரித்தவர் அவர். ஒல்லாந்தரின் ஆவணங்களில் பெரிய தம்பி மரைக்காயர் என்ற பெயர் பல இடங்களில் வருகிறது. அது வள்ளலையே குறிக்கிறதா, அக்குடும்பத்தின் பலரைக் குறிக்கிறதா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எவராயினும், கம்பெனிக்கு அவர் சில வேளை பங்காளி, சில வேளை போட்டியாளர். நம் முன்னோரை எப்போதும் வஞ்சிக்கப்பட்டவர்களாகவே பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டியதில்லை.

நாகப்பட்டினத்திற்கு ஒரு நாள் ஒதுக்கலாம். 1690-இல் சோழமண்டலக் கரையின் தலைமையகத்தை ஒல்லாந்தர் பழவேற்காட்டிலிருந்து இங்கே மாற்றினர். 1781-இல் ஆங்கிலேயரிடம் இழந்தனர். கோட்டையைத் தேடிப் போகிறவருக்கு ஏமாற்றமே மிஞ்சும். கல்லறைகளும் தேவாலயமும் உள்ளன. நாகூருக்குச் செல்வதா வேண்டாமா என்பதில் வீட்டுக்கு வீடு கருத்து வேறு. அதை இங்கே விவாதிக்கப் போவதில்லை. வழியில் தரங்கம்பாடிக் கோட்டையைக் கண்டு 'இதுவும் டச்சு' என்று சொல்லிவிடாதீர்கள். அது 1620-இல் டேனியர் கட்டத் தொடங்கியது. டென்மார்க் வேறு, நெதர்லாந்து வேறு. பரங்கிப்பேட்டையில் பகலுணவை முடித்துக்கொள்ளலாம். கல்பாக்கத்தை ஒட்டிய சதுரங்கப்பட்டினத்தில் கோட்டைச் சுவரும் அழகிய செதுக்கல்கள் கொண்ட கல்லறைகளும் எஞ்சியுள்ளன. இவ்வூரின் மெல்லிய துணிக்காகவே அவர்கள் இங்கே தங்கினார்கள். ஒரு மணி நேரம் போதும்.

பழவேற்காட்டுக்கு மட்டும் ஒரு முழு நாளைக் கொடுங்கள். சென்னைக்கு வடக்கே ஏரியும் கடலும் கலக்கும் இடம். 1613-இல் ஒல்லாந்தர் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டி முடித்தனர். இன்று அங்கே எஞ்சியிருப்பவை மேடும் புதரும் அகழியுமே. எதிரே கல்லறைத் தோட்டம். அதன் வாயில் தூண்களில் எலும்புக்கூடுகள் செதுக்கப்பட்டிருக்கின்றன. பயணிகள் அங்கே நின்று படமெடுத்துக்கொண்டு படகுச் சவாரிக்குப் போய்விடுகிறார்கள்.

அந்தத் துறையிலிருந்து துணி மட்டுமா போயிற்று? மனிதர்கள் போனார்கள். 1621-இல் யான் பீட்டர்சூன் கூன் என்ற கம்பெனித் தலைவன், சாதிக்காய் வணிகத்தைத் தனதாக்கிக்கொள்ள, இன்றைய இந்தோனேசியாவின் பண்டாத் தீவு மக்களைக் கொன்றும் நாடு கடத்தியும் அத்தீவுகளை வெறுமையாக்கினான். அவர்களில் முஸ்லிம்கள் பலர். வெறுமையான தோட்டங்களுக்கும் பத்தாவியா நகரத்துக்கும் ஆள் தேவைப்பட்டது. சோழமண்டலக் கரையில் பஞ்சம் வந்த ஆண்டுகளில், பசியால் தம்மையும் தம் பிள்ளைகளையும் விற்றவர்களைத் தரகர்கள் வழியாக வாங்கிக் கப்பலேற்றினார்கள். பழவேற்காட்டிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் அவ்வாறு சென்றோர் பல்லாயிரம் பேர். ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்கும் நம் கரையிலிருந்து அடிமைகள் கொண்டு செல்லப்பட்டனர். கேப் டவுன் முஸ்லிம்களின் முன்னோர்களில் அவர்களும் உண்டு. அந்நகரில் இஸ்லாம் வேரூன்றக் காரணமானவர்களில் ஒருவரான மக்காசரின் ஷைகு யூசுபை ஒல்லாந்தர் 1684-இல் இலங்கைக்கும் பத்தாண்டு கழித்துக் கேப்புக்கும் நாடு கடத்தினர். மறுநாள் நாம் சிரித்துக்கொண்டு ஏறப்போகும் கப்பல் செல்வதும் அந்த இலங்கைக்குத்தான்.

இதைப் பிள்ளைகளிடம் சொல்லலாமா என்று தயங்கும் பெற்றோர் உண்டு. பத்து வயதுப் பிள்ளைக்குச் சொல்லலாம். அது கேட்கப்போகும் அடுத்த கேள்விக்கு மட்டும் நாம் ஆயத்தமாக இருக்க வேண்டும்: 'அந்தத் தரகர்கள் யார்?' அவர்கள் ஒல்லாந்தர் அல்லர். இந்த மண்ணின் மனிதர்கள்.

இந்த இடத்தில் நம் மலைச்சரிவையும் நினைக்க வேண்டியிருக்கிறது. விடியும் முன்பே நம் ஊர்களிலிருந்து ஜீப்களில் நெருக்கியடித்துக்கொண்டு மேடேறும் பெண்களின் கையால்தான் ஏலம் பறிக்கப்படுகிறது. கூலியாளையும் அடிமையையும் நாம் ஒன்றாக்கவில்லை. ஆனால் ஏல மையத்துப் பணம் வரவில்லை, வியாபாரி தரவில்லை என்று சொல்லி, வாரக் கூலியை அடுத்த வாரத்துக்குத் தள்ளும் பழக்கம் நம்மவரிடமும் இருக்கிறது. இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. கூலியைத் தாமதிக்காதீர்கள் என்ற நபிமொழியை ஜும்ஆ மேடையில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். கப்பலுக்கு முழுப்பணத்தையும் முன்கூட்டியே கட்ட முடிகிறவர் தோட்டத்துக் கூலிப்பாக்கியையும் அதே நாளில் தீர்க்க முடியும். பயணத் திட்டத்தின் முதல் வரியாக இதை எழுதச் சொல்கிறோம்.

பழவேற்காட்டில் இன்னும் இரு வேலைகள் உண்டு. அங்குள்ள முஸ்லிம் பெண்கள் பனையோலையில் பின்னும் கூடைகளையும் பெட்டிகளையும் பேரம் பேசாமல் வாங்குங்கள். பிறகு பள்ளிவாசலில் உள்ள நிழற்கடிகாரத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பொருளின் நிழல் அதன் அளவுக்கு நீளும்போது ஷாஃபிஈகளுக்கு அஸர் தொடங்குகிறது. இரு மடங்கானதும் நம் மத்ஹபில். நண்பகல் நிழலைக் கழித்துவிட்டே இக்கணக்கு. காயல்பட்டினத்தில் 'ஏன் இவ்வளவு சீக்கிரம் பாங்கு சொல்கிறார்கள்' என்று கேட்ட பிள்ளைக்கு விடை இங்கே கிடைக்கும்.

கப்பலைப் பற்றிச் சுருக்கமாகச் சில. சமையலறையில் ஹலால் இறைச்சியா என்பதைப் பதிவு செய்யும்போதே எழுத்தில் கேளுங்கள்; தெளிவான பதில் இல்லையெனில் மரக்கறி உணவுக்குச் சொல்லிவிடுங்கள். சூதாட்ட அறையும் மதுக்கூடமும் இருக்கும். அவற்றின் வழியாகவே உணவுக்கூடத்துக்குப் போக வேண்டியிருந்தால் வேறு வழி கேளுங்கள். கிப்லாவுக்குத் திசைகாட்டி வைத்துக்கொள்ளுங்கள். கப்பல் திரும்பும், நாமும் திரும்ப வேண்டும்.

கப்பல் எல்லா மாதமும் ஓடுவதில்லை. காய் பறிப்பில்லாத மாதம், பள்ளி விடுமுறை, ரமளான் இம்மூன்றையும் பார்த்தே நாள் குறிக்க வேண்டும். ஊர் திரும்ப, 2023 ஜூன் முதல் சென்னை சென்ட்ரலிலிருந்து போடிக்கு நேரடி ரயில் உண்டு. துறைமுகத்திலிருந்து சென்ட்ரல் அருகேதான். ஆனால் அது நாள்தோறும் ஓடுவதில்லை. கப்பல் கரை சேரும் கிழமையையும் ரயில் கிழமையையும் ஒத்துப் பார்த்த பின்பே எந்தப் பணத்தையும் கட்டுங்கள்.