கடுகண்ணாவையிலே கண்டது

சென்ற விடுமுறையில் மாணவர் சிலருடன் கடுகண்ணாவைப் புகையிரத நூதனசாலைக்குச் சென்றிருந்தோம். மலைநாட்டுக் கோப்பியைத் துறைமுகம் சேர்ப்பதற்கே ஆங்கிலேயர் இந்நாட்டில் இருப்புப்பாதை அமைத்தனர். முதல் வண்டி 1864 டிசெம்பர் 27இல் கொழும்பிலிருந்து அம்பேபுசைக்கு ஓடிற்று. அதன் 150ஆம் ஆண்டு நிறைவு நாளில், 2014இல், இந்நூதனசாலை திறக்கப்பெற்றது.

பழைய எந்திரங்களைக் கண்டு மாணவர் வியந்தனர். எமது நெஞ்சமோ வடக்கே சென்றது. 1990இல் யாழ்ப்பாணத்துக்கான வண்டி நின்றபோது நாம் சிறுபிராயத்தினர். வெள்ளவத்தையில் வளர்ந்த எமக்கு யாழ்தேவி 24 ஆண்டுகள் பாட்டியார் சொல்லும் பழங்கதையாகவே இருந்தது. அதே 2014இன் ஒக்டோபரில் அது மீண்டும் யாழ்நகர் அடைந்தது.

ஓய்வுபெற்ற எந்திரம் நூதனசாலைக்கு அழகு. வண்டி ஓடாத பாதை நாட்டுக்கு அழகன்று. மாணவமணிகளே, இதனை மறவாதீர்!