விக்கலுக்கு ஜெர்மன் பாஷையில் என்ன?

மொழிபெயர்ப்பில் கஷ்டமெல்லாம் பெரிய தத்துவ நூல்களோடு சரி என்று வெகுகாலமாக நினைத்திருந்தோம். அந்தக் கர்வத்தை இந்த வாரம் பங்கம் செய்தது ஓர் அற்ப விக்கல்! ஆங்கிலத்தில் அன்றாடம் வழங்கும் 'ஹிக்கப்' என்னும் சொல்லை ஜெர்மன் பாஷையில் எப்படிச் சொல்வது என்று பார்க்கப் புகுந்தோம்.

அகராதியைப் புரட்டியதும் 'ஷ்லுக்கவுஃப்' என்று விடை கிடைத்துவிட்டது. விக்கலின் சப்தத்தைக் காதால் கேட்டு அதையே பெயராக்கியவர்கள் ஆங்கிலேயர்கள். பிற்பாடு இதுவும் ஒருவகை இருமல்தான் என்று தவறாக எண்ணி, இருமலைக் குறிக்கும் சொல்லை அதன் வாலில் ஒட்டியும் எழுதலானார்கள். உச்சரிப்பு மட்டும் மாறவில்லை. ஜெர்மானியரோ தொண்டையைக் கவனித்தார்கள். 'ஷ்லுக்கன்' என்றால் விழுங்குதல். 'அவுஃப்' என்றால் மேலே. உண்மையில் கோளாறு தொடங்குவது மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவேயுள்ள உதரவிதானத்தில். அது திடீரென்று சுருங்க, மூச்சு உள்ளே பாய, குரல்வளை சட்டென்று மூடிக்கொள்கிறது. விக்கல் பிறக்கிறது!

இத்துடன் விஷயம் முடிந்ததா என்றால், இல்லை. பேரனுக்கு விக்கல் எடுத்தால் வியன்னா நகரத்துப் பாட்டி 'ஷ்னாக்கெர்ல்' என்பாள். அதையே வைத்தியர் தம் குறிப்பில் 'ஸிங்குல்டுஸ்' என்று லத்தீனில் எழுதுவார். லத்தீன் அகராதியில் அச்சொல்லுக்கு விம்மல் என்றும் ஒரு பொருள் உண்டு. இங்கேதான் ஆபத்து. விக்கல் 48 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் அதன் காரணத்தை ஆராய வேண்டும் என்பது வைத்திய முறை. அத்தகைய குறிப்பை 'நோயாளி விம்முகிறார்' என்று பெயர்த்துவிட்டால், உடம்பைச் சோதிக்க வேண்டிய நேரத்தில் ஆறுதல் சொல்ல ஆள் தேடுவார்கள்!

போதாததற்கு, காரியங்களில் நேரும் சிறு தடங்கலையும் ஆங்கிலேயர் 'ஹிக்கப்' என்கிறார்கள். அந்த இடத்தில் ஜெர்மானியர் பெரும்பாலும் 'க்ளைனெ பன்னெ', அதாவது சிறு கோளாறு என்றே சொல்வார்கள். அங்கே 'ஷ்லுக்கவுஃப்' என்று போட்டால், இயந்திரத்துக்கு யார் தண்ணீர் கொடுப்பது என்று படிப்பவர் திகைக்க வேண்டியதுதான்.

ஆகவே, மொழிபெயர்க்க உட்காருகிறவர் அகராதியைத் திறக்குமுன், விக்குவது குழந்தையா, நோயாளியா, இயந்திரமா என்று விசாரித்துக்கொள்வது நலம். சொல்லின் பொருள் பாதி ஏட்டில் இருக்கிறது. மீதிப் பாதி பேசுகிறவரின் வீட்டில் இருக்கிறது.

வீடு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. விக்கல் எடுத்தால் யாரோ நம்மை நினைக்கிறார்கள் என்று நம் பெரியவர்கள் சொல்வதுண்டு அல்லவா? ஜெர்மானியர் வீடுகளிலும் அதையேதான் சொல்கிறார்கள். இத்தனை சிரமத்துக்குப் பின் இந்த ஒரு வாக்கியமாவது சொல்லுக்குச் சொல் பெயர்க்க வாய்த்ததே!